மெச்சிக்கோ சம்பலும் ஆனைக்கொய்யாவும்

நான் ஒரு வெளிநாடும் பாக்கேல்ல எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது. முரசுமோட்டையில இருந்து பூவரசங்குளத்துக்கு வந்திருக்கிறன். எங்கட ஒழுங்கையில இருந்து கனடாவுக்குப் போன சின்னத்தங்கம் பிளேனில ஏறி ஒரு நித்திரை கொண்டு எழும்ப அங்க நிண்டவளாம். நான் ட்ரக்டர், சைக்கிள், நடை, பிறகு லொறி. வெளிக்கிட இயக்கத்திட்ட ஒரு பாஸ், உள்ளுக்கு வர ஆமியிட்ட ஒரு பாஸ். கொண்டுவந்த சாமான் முழுக்க நிலத்தில கொட்டிக் காட்டி, பாஷை தெரியாத ஆக்களுக்கு முன்னால கையை விரிச்சுக்கொண்டு நிண்டனான். அப்ப ஆர் வெளிநாடு போனது? அவளோ, நானோ?

எனக்கு எழுத்து வராது. சொல்லுறது நான், எழுதுறது மகள் சாந்தி. இந்தக் கதையில அவளும் வாறாள். தன்னைப் பற்றி வாற இடத்தில பேனையை மெல்லமா வழுக்க விட்டாள் எண்டால் அதுக்கு நான் பொறுப்பில்லை. "அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ" எண்டு இப்பவே துவங்கிட்டாள்.

வந்ததும் அவளாலதான். கலியாணம் முடிச்சுக் கன காலம் ஒண்டும் தங்காமல் இருந்து, இப்பதான் வயித்தில ஒண்டு தங்கியிருக்கு. மருமகனுக்கு இஞ்ச நெல்லு மில்லில வேலை. அங்காலையும் இஞ்சாலையும் போய்வாற ஒரு மனிசன் எங்கட படலையில சைக்கிளை நிப்பாட்டி, இறங்காமலே செய்தி சொன்னார். "சாந்திக்கு வயித்தில ஒண்டும் நிக்குதில்லையாம் அக்கா. தண்ணி குடிச்சாலும் சத்தியாம். பிள்ளை ஈர்க்கு மாதிரிப் போச்சுது."

எங்கட ஆக்களில முதல் பிள்ளை தாய் வீட்டிலதான். ஏழாம் மாசம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் ஈர்க்கும் மிஞ்சாது. இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வந்திடுவம் எண்டு வெளிக்கிட்டன். புழுங்கலரிசி, ஒடியல் மா, முல்லைத்தீவுக் கருவாடு, நானே வறுத்து இடிச்ச தூள், ஒரு போத்தல் நல்லெண்ணெய். என்ர கையால நாலு நாள் சாப்பிட்டாளெண்டால் எழும்பி நடப்பாள், அப்பிடியே கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திடலாம் எண்டதுதான் என்ர கணக்கு.

ட்ரக்டர் மண்ணெண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு இருமிக்கொண்டு ஓடினது. பெட்டியில எனக்குப் பக்கத்தில ஒரு மனிசி கோழியைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு இருந்தவா. வழி நெடுக அந்தக் கோழி என்ர ஒடியல் மாப் பையைக் கொத்தினது. "உங்கட கோழியை ஒருக்கா அங்கால திருப்புங்கோ" எண்டன். "அது பசியில கொத்துது அம்மா, ஒண்டும் செய்யாது" எண்டா. பசியில கொத்துற கோழி ஒண்டும் செய்யாதாம்! பாதி வழியில ட்ரக்டர் நிண்டுட்டுது. றைவர் குழாயில வாயை வைச்சு உறிஞ்சி, மண்ணெண்ணெயைத் துப்பி, முகத்தைச் சுளிச்சு, திரும்ப உறிஞ்சினார். அந்த மனிசன் அண்டைக்கு ட்ரக்டரை விடக் கூடக் குடிச்சிருப்பார்.

பிறகு சைக்கிள். பின் கரியரில சாக்கு மடிச்சுப் போட்டு என்னை ஏத்தினவர் வாய் மூடாத மனிசன். தன்ர முழங்கால் நோவு, தன்ர மாட்டின்ர கால் நோவு, ரெண்டுக்கும் ஒரே எண்ணெய் பூசின கதை. மணலுக்குள்ள செயின் கழண்டு ரெண்டு பேரும் நாயுண்ணிப் பத்தைக்குள்ள விழுந்தம். அந்த மனிசன் எழும்பி முதலில சைக்கிளைத் தடவிப் பாத்தார், பிறகு என்ர கருவாட்டுப் பையைத் தூக்கினார், கடைசியாத்தான் "அம்மா, நீங்கள் சுகமோ?" எண்டார்.

நடந்து தாண்டுற இடத்தில சாமான் சோதிச்சது ஒரு சின்ன ஆமிப் பெட்டை, உடுப்புத்தான் பெரிசு. என்ர தூள்ப் பையை அவிட்டு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு தும்மல்தான். கண்ணால தண்ணி. சிங்களத்தில என்னவோ கேட்டாள். எனக்குப் பின்னால நிண்ட மனிசி சொன்னா, "இது என்ன மருந்து எண்டு கேக்கிறா."

"கறித்தூள் எண்டு சொல்லுங்கோ. சந்தேகமெண்டால் ஒருக்காக் குழம்பு வைச்சுப் பாக்கட்டாம்."

அவா அதைச் சொல்ல, அந்தப் பெட்டை மூக்கைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சுது. "தன்ர அம்மாவின்ர தூள் இவ்வளவு கோவக்காரத் தூள் இல்லையாம்" எண்டு திருப்பிச் சொன்னா மனிசி. எனக்கு அது நல்ல சந்தோசம்.

அங்கால வந்து கடைத்தெருவைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சது. சவுக்காரம் சுவர் மாதிரி அடுக்கிக் கிடக்கு. நாங்கள் சாமான் தடையால பனம்பழத்தைப் பிழிஞ்சு உடுப்புத் தோய்க்கிறம், இஞ்ச ஒரு கடைக்காரன் சவுக்காரப் பெட்டிக்கு மேல காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுறான். நெருப்புப்பெட்டி, ரோச் பற்றரி, சோடாப் போத்தல். லொறியில இருந்து பாக்கப் பாக்க எல்லாருக்கும் சாபம் போடவேணும் போல கிடந்தது. ஆனால் எரிச்சலில அது சின்ன எரிச்சல். பெரிய எரிச்சல் மகளின்ர வீட்டில காத்துக்கொண்டு இருந்தது.

சாந்தி குசினி வாசலில குந்தி இருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய. என்னைக் கண்டதும் எழும்பி ஓடி வருவாள் எண்டு பாத்தன். அவள் எழும்பேல்ல. கையில ரொட்டித் துண்டு, முன்னால ஒரு கோப்பையில சிவப்பாயும் பச்சையாயும் ஏதோ. தொட்டுத் தொட்டு, வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த வாயோட "அம்மா!" எண்டாள். பக்கத்தில ஒரு பெண் இருந்து, சாப்பிடுற பிள்ளையின்ர தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, ஒக்காருங்க. சாந்தி ஒங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கும்."

என்ர மகள் வீட்டில என்னை இருக்கச் சொல்ல இவள் ஆர்?

"அது மரகதம் அக்கா, அம்மா. பக்கத்து வளவு. எனக்கு அக்காட சம்பல் மட்டும்தான் வயித்தில நிக்குது" எண்டாள் சாந்தி. அந்த "அக்கா"வைச் சொல்லேக்க அவளின்ர முகத்தில வந்த வெளிச்சத்தை, எழுதுறவள் தானே மறைக்கப் பாப்பாள், அதால நான் ரெண்டு தரம் சொல்லுறன். அப்பிடி ஒரு வெளிச்சம். அப்பிடி ஒரு வெளிச்சம்.

மரகதம் மலைநாட்டு ஆள். தேயிலைத் தோட்டத்தில பிறந்து, அங்க இருக்கேலாமல் வந்து, இஞ்ச காடு வெட்டித் தோட்டம் செய்யிற குடும்பம். நாப்பது வயசு மட்டில இருக்கும். நடுவில குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்க சண்டை வர, சண்டைக்குப் பயந்து இந்த வவுனியாவுக்குத் திரும்பி வந்தவளாம். நல்ல இடம் பாத்துத்தான் வந்திருக்கிறாள்.

"என்ன சம்பல் இது?" எண்டு கேட்டன்.

"மெச்சிக்கோ" எண்டாள்.

எனக்குக் கோவம் வந்திட்டுது. வந்த பயணக் களை, தண்ணி கூடக் குடிக்கேல்ல. சம்பல் என்னெண்டு கேட்டால், மெச்சிக்கோவாம்! தன்ர சம்பலை நான் மெச்ச வேணுமாம்!

"நான் ஏன் மெச்ச? வாயில வைச்சுப் பாத்திட்டெல்லோ மெச்சுறது" எண்டன்.

சாந்தி சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போனாள். கன நாளைக்குப் பிறகு பிள்ளை சிரிச்சதாம், மருமகன் பிறகு சொன்னார். குவைத்தில மரகதம் நிண்ட வீட்டு எசமானி, அந்த நோனாவின்ர நாட்டுக்கு அதுதான் பேராம். அங்க சம்பலுக்குச் சல்சா எண்டு சொல்லுறதாம். எனக்கு அது சட்டி சரிஞ்ச சத்தம் மாதிரிக் கிடந்தது. நான் இண்டைக்கும் மெச்சிக்கோ சம்பல் எண்டுதான் சொல்லுறன். ஆனால் மெச்சேல்ல.

அடுத்த நாள் விடிய நான் குசினியைப் பிடிச்சன். கருவாட்டுக் குழம்பு, ஒடியல் கூழ், ரசம், முருங்கையிலை வறை. என்ர தூளைப் போட்டுத் தாளிக்கேக்க றோட்டால போனவை நிண்டு மணந்து பாத்திட்டுப் போனவை. உள்ளுக்குச் சாந்தி ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது. கடுகு வெடிக்க ஒருக்கா, கருவாடு கொதிக்க ஒருக்கா. கூழை வாயில வைக்க முதலே எழும்பி ஓடினாள். மருமகன் மட்டும் ஆற அமர இருந்து எல்லாத்தையும் சாப்பிட்டார். "மாமி, இப்பிடிச் சாப்பிட்டுக் கன காலம்" எண்டார். நல்ல பிள்ளை. ஆனால் வயித்தில பிள்ளை அவருக்கில்லையே.

மரகதம் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தாள். "புள்ளைக்கு எண்ண வாடை ஆகலம்மா. நெருப்பக் காட்டாததா குடுத்தா நிக்கும்." சொல்லிப்போட்டு ஒரு கோப்பையை வேலியால நீட்டினாள். சாந்தி அதை வாங்கி, முகம் கழுவின ஈரம் காயமுதல் சாப்பிட்டு முடிச்சாள்.

அப்பதான் நான் யோசிச்சன். இதுதானே விசயம்? தக்காளி எங்கட வளவில இல்லையோ? மிளகாய் இல்லையோ? தேசி மரம் காய்ச்சுக் கொட்டேல்லையோ? ஊரில அடுப்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் இல்லை. அடுப்பும் எண்ணெயும் கேக்காத சம்பல் இஞ்ச இருக்கிறவையை விட எங்களுக்கெல்லோ வேணும்! செய்முறையைக் களவாப் பாத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறதெண்டு முடிவெடுத்தன்.

களவாப் பாக்கத் தேவையில்லாமல் போச்சுது. "பாக்கணும்னா வாங்கம்மா" எண்டு தானே கூப்பிட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல். ஒளிச்சு வைச்சாளெண்டால் கெட்டவள் எண்டு சொல்லலாம்.

முத்தின தக்காளியைப் பிளந்து நடுவில இருக்கிற தண்ணியையும் விதையையும் வேறயா வழிச்சாள். "அது ரசத்துக்கு. இதுல விட்டா சம்பல் அழுதுரும்." வெங்காயத்தைப் பொடியா அரிஞ்சு உப்புத் தண்ணியில அலசினாள், காரம் போக. பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி. தேசிக்காயை எலுமிச்சங்கா எண்டுறாள். திருத்திச் சொன்னன், கேக்கேல்ல. பிறகு வாசலுக்குப் போய் ஒரு பிடி இலை கிள்ளிக்கொண்டு வந்தாள். மணந்து பாத்தன். மூட்டைப்பூச்சி நசிச்ச மணம்!

"கோதாரி, இதையோ பிள்ளைக்குக் குடுக்கிறீர்?"

"கொத்தமல்லி எலைம்மா. கடையில கறிக்கு வாங்குற மல்லிய செருப்பால தேச்சு ரெண்டாப் பொளந்து மண்ணுல போட்டா மொளைச்சிரும். தண்டையும் சேத்து அரிஞ்சுருவேன், எதையும் வீசுறதில்ல."

நாங்கள் காலம் காலமா மல்லியை வறுத்து இடிச்சே முடிச்சிட்டம். அதை மண்ணில போட்டால் இலை வரும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்ல. இவளுக்குத் தோணியிருக்கு.

இன்னொரு விதமும் செய்தாள். வெடிச்ச தக்காளியையும் கீழ விழுந்த காயையும் உள்ளி ரெண்டு பல்லையும் மதியச் சோறு வடிச்ச அடுப்பின்ர தணலுக்குள்ள புதைச்சு, தோல் கருக எடுத்து, சுட்டு ஊறப்போட்ட செத்தல் மிளகாயோட அம்மியில வைச்சு ஒரு இழுப்பு இழுத்தாள். "நோனாவுக்கு அவங்க ஊரு மொளகா டின்னுல வரும். வராதப்ப அழுவாங்க. நாந்தான் நம்ம செத்த மொளகாய இப்பிடிச் செஞ்சு குடுத்தேன். சாப்புட்டு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க." என்ர தூளுக்குத் தும்மல்தான் கிடைச்சது. அவளைக் கட்டிப் பிடிச்சவையாம்.

அதோட நிப்பாட்டினாளோ? "ஆனைக்கொய்யா வச்சிருக்கேம்மா, இன்னும் பழுக்கல. ரெண்டு மூணு நாளாகும். அத மசிச்சு வெங்காயம், மொளகா, எலுமிச்சங்கா போட்டா ஒரு தினுசு வரும் பாருங்க, சாந்தி உசுர விடும்."

ஆனைக்கொய்யா எண்ட சொல்லை நான் அண்டைக்குத்தான் கேட்டன். கேக்கத் தேவையில்லையே, சொல்லிலேயே கிடக்கு. பெரிய கொய்யா. ஆனை மாதிரிக் கொய்யா. இவளின்ரது பழுக்க முதல் நான் செய்து காட்டினால் அவளின்ர பெருமை எங்க போகும்?

வெய்யில் ஏற முதல் வெளிக்கிட்டு வீடு வீடாக் கேட்டன். குளத்தடியில ஒரு வீட்டில மரம் நிறையக் கொய்யா. கிழவர் ஒருத்தர் வாசலில இருந்தார்.

"ஐயா, ஆனைக்கொய்யா இருக்கோ?"

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "கொய்யா இருக்குப் பிள்ளை. ஆனை பின்னால காட்டில நிக்கும்."

"பெரிசாப் பாத்துத் தாங்கோ."

"எதை?"

நல்ல காலம், அவர் கொய்யாவைத்தான் தந்தார். பாதிப் பழம், பாதிக் காய், ஒவ்வொண்டும் ஒரு கைப்பிடி. சீலைத் தலைப்பில கட்டிக்கொண்டு ஓடி வந்தன். மசிக்க எண்டு உரலில போட்டன், மசியுதில்லை, துள்ளுது. விதை வேற. கடைசியா, மசியாட்டால் போகட்டும் எண்டு விதையை வழிச்சு எறிஞ்சிட்டு, பல்லுக்குள்ள கடிபடுற அளவுக்குப் பொடியா அரிஞ்சன். வெங்காயம், மிளகாய், உப்பு, தேசிக்காய். மூட்டைப்பூச்சி இலை போடேல்ல. மானம் எண்டு ஒண்டு இருக்கு.

சாந்தி ஒரு வாய் வைச்சாள். நறுக் நறுக்கெண்டு கடிச்சாள். கையை வாயடிக்குக் கொண்டுபோனாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நிண்டன். கை கீழ இறங்கினது. இன்னொரு வாய். பிறகு இன்னொண்டு. அந்த நேரம் ஆரும் எனக்குக் கடை நிறையச் சவுக்காரம் தந்திருந்தாலும் திரும்பிப் பாத்திருக்க மாட்டன்.

மரகதம் வந்தாள். "என்னம்மா இது?"

"ஆனைக்கொய்யாச் சம்பல். நீர் நாளையிண்டைக்குச் செய்யிறதை நான் இண்டைக்கே செய்திட்டன்."

அவள் கோப்பையைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், அப்பிடியே படிக்கட்டில குந்திட்டாள். சத்தம் வரேல்ல, தோள் மட்டும் குலுங்குது. பிறகு எழும்பிப் போய், வைக்கோலுக்குள்ள பொத்தி வைச்சிருந்ததைக் கொண்டுவந்து என்ர கையில வைச்சாள். பச்சைத் தோல், சுரக்காய்க் குட்டி மாதிரிக் கழுத்து. மலைநாட்டில இருக்கிற தங்கச்சிக்காரி மரக்கறி லொறியில போட்டு அனுப்பினதாம். இங்கிலீசில அவகாடோவாம். அது கொய்யாவும் இல்லை, ஆனையும் இல்லை. இதுக்கு அந்தப் பேரை வைச்சவன் என்ர கையில அம்பிட்டால் ஒரு கேள்வி கேப்பன்.

மருமகன் சிரிக்கக் கூடாதெண்டு முகத்தை அங்கால திருப்பினார். முதுகு சிரிச்சது.

மரகதம் கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்ர சம்பலில ஒரு விரல் தொட்டு நாக்கில வைச்சாள். சிரிப்பு நிண்டது. இன்னொருக்கால் தொட்டாள். "இது நல்லாருக்கும்மா. எங்க நோனாவுக்கே இது தெரியாது. கொஞ்சம் எடுத்துக்கவா?"

எடுத்துக்கொண்டு போ எண்டு பெருந்தன்மையாக் குடுத்தன். அண்டைக்கு முழுக்க நான் நடந்தது நடையில்லை, பறப்பு. கிணத்தடியில நிண்ட முன்பின் தெரியாத பெண்ணுக்கும் கொய்யாச் சம்பல் கதை சொன்னன்.

அடுத்த நாள் காலமை அவள் ஒரு கோப்பையோட வாறாள். உள்ளுக்கு என்ர கொய்யா! என்ர கொய்யாவில, சுட்ட செத்தல் மிளகாயை அரைச்சுப் பிரட்டி, அந்த மூட்டைப்பூச்சி இலையையும் தூவிக் கொண்டுவாறாள்! சாந்தி வழிச்சுச் சாப்பிட்டு விரலையும் நக்கினாள். "அம்மா, உங்கடதும் நல்லம். இது அதை விட ஒரு படி..." எண்டு சொல்ல வந்து, என்ர முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டினாள். மாட்டைக் களவெடுத்தால் கூடப் பொறுக்கலாம். களவெடுத்து, குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணமும் பூசி எங்கட படலையால கொண்டுபோனால் எப்பிடிப் பொறுக்கிறது?

நான் விடுவனோ? அண்டைக்குப் பின்னேரம் மாங்காயில செய்தன். அவள் வெள்ளரிக்காயில செய்தாள். நான் அன்னாசிப்பழத்தில மிளகு போட்டன். அன்னாசி பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது எண்டு அவள் பிடுங்கிக்கொண்டு போயிட்டாள். அதில அவள் சரி. ஆனைக்கொய்யாவும் பழுத்தது. வெண்ணெய் மாதிரி மசிஞ்சது. நான் தொட மாட்டன் எண்டு இருந்தன். மரகதம் வீட்டுக்குப் போன பிறகு, சட்டி கழுவுற சாட்டில விரலால வழிச்சுப் பாத்தன். அது இவ்வளவு ருசியா இருந்திருக்கத் தேவையில்லை.

இப்பிடியே பாஸின்ர நாள் முடியப் போகுது. "வெளிக்கிடு பிள்ளை. எல்லாச் சம்பலும் நான் பழகிட்டன். தாய் வீட்டில வைச்சுச் செய்து தாறன்" எண்டன்.

சாந்தி நிலத்தைப் பாத்துக்கொண்டு, "நான் வரேல்ல அம்மா" எண்டாள்.

பேனை நிண்டிட்டுது. எழுது பிள்ளை. சொன்னது நீதானே.

நான் கத்தினன். பெத்தது ஆர், வளத்தது ஆர், முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வராமல் வேலிக்கு அங்கால இருக்கிறவளின்ர கோப்பையை நம்பி இருக்கிறியோ எண்டு கேட்டன். இன்னும் கனக்கக் கேட்டன். அவள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்திட்டு, ஆறுதலாச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் வர முதல் அக்கா நேரம் கிடைச்சால் ஒரு சம்பல் செய்து தருவா. அதில நான் உயிரோட இருந்தனான், அவ்வளவுதான். நீங்கள் வந்த பிறகு பாருங்கோ. அவா ஒண்டு செய்ய, நீங்கள் ஒண்டு செய்யிறீங்கள். நாளைக்கு அவா என்ன செய்வாவோ எண்டு உங்களுக்கு நித்திரை இல்லை. நீங்கள் என்ன செய்வீங்களோ எண்டு அவாவுக்கு நித்திரை இல்லை. நடுவில இருந்து நான் சாப்பிடுறன். கையைப் பாருங்கோ, வளையல் இறுகுது." கையை நீட்டிக் காட்டினாள். மெய்தான். "முரசுமோட்டைக்கு வந்தால் நீங்கள் ஆரோட போட்டி போடுவீங்கள்?"

ஊரில இருக்கிறவளவையை ஒவ்வொருத்தியா நினைச்சுப் பாத்தன். ஒருத்தியும் மரகதத்துக்கு ஈடு காணாது.

மருமகன் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "மாமி, தாய் வீடு எண்டால் தாய் இருக்கிற வீடுதானே? நீங்கள் இஞ்சயே நில்லுங்கோவன்." பாத்தியளோ, இந்தப் பிள்ளை பேசாமல் பேசாமல் இருந்து ஒரு நாளைக்குப் பேசினார்.

நிக்கிறதெண்டால் பாஸை நீட்ட வேணும். நீட்டுற இடத்தில சிங்களம் வேணும். மருமகனுக்கு மில்லில லீவில்லை, சாந்திக்கு வெய்யிலில நிக்கேலாது. தோட்டத்தில சிங்கள ஆக்களோட வளந்தவள் மரகதம் ஒருத்திதான் அந்தப் பாஷையைத் தண்ணி மாதிரிப் பேசுவாள். அவளோட ஒரு வாகனத்தில போக வேண்டி வந்தது. போகேக்க நான் யன்னலால பாத்துக்கொண்டு போனன். அவள் மடியில ஒரு டப்பா.

"அது என்ன?"

"மத்தியானத்துக்கு ரொட்டியும் சம்பலும்மா."

"என்ன சம்பல்?"

"சொல்ல மாட்டேன்."

கியூ நீளம். வெய்யில். ஒரு மனிசி மயங்கி விழுந்து எழும்பி, தன்ர இடம் போகாமல் இருக்க இருந்த இடத்திலயே நிண்டா. எங்கட முறை வந்தது. மேசைக்கு அங்கால இருந்த உத்தியோகத்தர் மாத்தயாவுக்குக் கண்ணெல்லாம் களை. என்னைப் பாக்காமல் என்னவோ கேட்டார்.

"ஏன் இன்னும் நாள் வேணும்னு கேக்குறாரு. மகளுக்கு ஒடம்பு ரொம்ப முடியலையான்னு கேக்குறாரு" எண்டாள் மரகதம். பிறகு குரலை இறக்கி, "ஆமான்னு சொல்லட்டாம்மா? அப்பத்தான் குடுப்பாங்க."

எனக்குப் பொய் சொல்ல மனம் வரேல்ல. வயித்தில பிள்ளையோட இருக்கிறவளைச் சுகமில்லை எண்டு என்ர வாயால ஏன் சொல்லுவான்? "இல்லை எண்டு சொல்லு. மகள் நல்ல சுகம். வளையல் இறுகுற அளவுக்குச் சுகம். அதுதான் பிரச்சினை எண்டு சொல்லு. நான் இப்ப விட்டிட்டுப் போனால், இந்தா பக்கத்தில நிக்கிறாளே, இவள் என்ர பிள்ளையை முழுசாத் தன்ர பிள்ளையாக்கிப் போடுவாள். நான் நிண்டு பாத்துக்கொள்ள வேணும். அப்பிடியே சொல்லு."

மரகதம் டப்பாவைக் கக்கத்தில இடுக்கினாள். பிறகு மாத்தயா பக்கம் திரும்பிச் சொல்லத் துவங்கினாள். நான் சொன்னதை விட நீளமாச் சொன்னாள். ஒரு இடத்தில என்னைக் கையால காட்டினாள், ஒரு இடத்தில தன்ர நெஞ்சில கை வைச்சாள், ஒரு இடத்தில கொய்யா அளவுக்குக் கையைக் குவிச்சாள். அந்த மாத்தயா முதல் முதலா நிமிந்து என்னைப் பாத்தார். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு அவனுக்கும் சொன்னார். ரெண்டு பேரும் சிரிச்சினம். பிறகு ரப்பர் சீல் எடுத்துப் பாஸில குத்தினார்.

வெளியில வந்து மரத்துக்குக் கீழ குந்தினம்.

"என்னடி சொன்னனி?"

"நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன்."

"அப்பிடியேயோ?"

மரகதம் டப்பாவைத் திறந்து, ரொட்டியைப் பிச்சு என்ர கையில வைச்சாள்.

"கொஞ்சம் புளி கூட்டிச் சொன்னேன்."